8 பேருக்கு மட்டும்: கோப்பு பரிமாற எந்த சர்வர் மென்பொருள் நல்லது?

ஒலிப்பேழை:
பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்கும் சின்னக் குழு. 60 நிமிட கேசட், 24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸில், ஏறக்குறைய 950 எம்பி வருது. கையில் 1 ஜிபி ரேம் உள்ள உபுண்டு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). எல்லாரும் ஒரே ஃபோல்டரில் போடணும், எடுக்கணும். ஃபைல்ஸில்லா சர்வரா, எஸ்எஃப்டிபிகோவா?

முனையம்:
புதுசா எதுவும் வேண்டாம். விபிஎஸ்ஸுக்குள்ள நுழைய ஏற்கெனவே ஓடுற ஓப்பன்எஸ்எஸ்எச்சே எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியா பாதுகாப்பா கோப்பு பரிமாறும் முறை) தரும்; 22-ம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) ஒண்ணு திறந்திருந்தா போதும். ஃபைல்ஸில்லா சர்வர் தர்ற எஃப்டிபிஎஸ்ஸும் (குறியாக்கம் சேர்த்த எஃப்டிபி) பாதுகாப்புதான். ஆனா தரவு தனி போர்ட்டில் போகும். அந்த பேசிவ் போர்ட்டுகளை ஃபயர்வாலில் திறக்கலைன்னா லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் வராம அப்படியே நிக்கும்.

8 பேருக்கும் தனித்தனி கணக்கு, ஷெல் நோலாகின் (கட்டளை அடிக்க உள்ளே நுழைய முடியாது), எல்லாரும் ஒரே குரூப். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் (sshd_config) கடைசியில் அந்தக் குரூப்புக்கு மேட்ச் (Match) பகுதி: ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி (ForceCommand internal-sftp, எஸ்எஃப்டிபி மட்டும்), சீஎச்ரூட்டைரக்டரி (ChrootDirectory, குறிப்பிட்ட ஃபோல்டருக்குள்ளயே அடைக்கும்), அலவ்டிசிபிஃபார்வார்டிங் நோ (AllowTcpForwarding no). கடைசி வரியை விட்டுடாதீங்க. ஃபோர்ஸ்கமாண்ட் மட்டும் இருந்தா போர்ட் ஃபார்வார்டிங் (சர்வர் வழியா வேற இடத்துக்கு இணைப்பு போடுறது) திறந்தே இருக்கும். மேட்ச்சுக்குக் கீழ எழுதுற எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும், அதனாலதான் கடைசியில் போடச் சொல்றேன். எஸ்எஸ்எச்டி -டி (sshd -t) கொடுத்து பிழை பார்த்த பிறகே ரீஸ்டார்ட். அதுவரை திறந்திருக்கும் ஒரு செஷனை மூடவே கூடாது.

வேர்:
அடுத்து எல்லாரும் முட்டிக்கிற இடம் சீஎச்ரூட் ஃபோல்டர். அதுவும் அதுக்கு மேல உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமா, மத்தவங்க எழுத முடியாததா இருக்கணும்: அனுமதி எண் 755. குரூப்பும் எழுதுற மாதிரி 775 ஆக்கினா கீ சரியா இருந்தும் இணைப்பு உடனே அறுந்திடும். காரணம் கிளையன்ட்டில் தெரியாது, சர்வர் லாகில்தான் கிடைக்கும். கோப்பு போட அதுக்குள்ள ஒரு ஃபோல்டர், அந்தக் குரூப்புக்குச் சொந்தமா, அனுமதி 2770. முன்னால இருக்கிற 2 தான் புதுக் கோப்பும் அதே குரூப்புக்குப் போகச் செய்யுது.

ஒலிப்பேழை:
வேலை செய்யுது, நன்றி! ஆனா ஒருத்தர் ஏத்தின கோப்பைத் திருத்தி அதே பெயரில் இன்னொருத்தர் ஏத்தினா அனுமதி மறுக்குது.

முனையம்:
வழக்கமான யுமாஸ்க் (புதுக் கோப்பின் அனுமதியில் எதைக் கழிக்கணும்னு சொல்ற எண்) 022, அதனால கோப்பு 644-ஆ விழுது, குரூப் படிக்க மட்டும்தான் முடியும். இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்குப் பின்னால -யு 0007 (-u 0007) சேருங்க. ஏற்கெனவே உள்ளதுக்கு ஒருமுறை சிஎச்மாட் -ஆர் ஜி+டபிள்யூ (chmod -R g+w). யுமாஸ்க் அனுமதியைக் குறைக்கும், கூட்டாது. அதனால கிளையன்ட்டே 644 அனுப்பினா திரும்ப இதே தொல்லைதான். வின்எஸ்சிபி கிளையன்ட்டில் டிரான்ஸ்ஃபர் அமைப்பில் பர்மிஷன் டிக்கை எடுத்துடுங்க.

வேர்:
ஆளுக்கு இவ்வளவுதான்னு இட வரம்பு, பிரௌசரில் இறக்க லிங்க், இது தேவைப்பட்டா எஸ்எஃப்டிபிகோ. அது தானா 2022-ம் போர்ட்டில் எஸ்எஃப்டிபியும் 8080-ம் போர்ட்டில் நிர்வாகப் பக்கமும் திறக்கும். 8080-ஐ டிஎல்எஸ் (குறியாக்கம்) போடாம வெளியே விடாதீங்க.