துவள்பொறி: மெல்லுடல் ரோபோவுக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கும் கலைச்சொற்களை ஆயும் குழுவினருக்கும் வணக்கம்.

வளைந்து கொடுக்கும் மெல்லிய பொருள்களால் எந்திரங்களை அமைக்கும் துறையான ‘சாஃப்ட் ரோபாட்டிக்ஸ்’ என்பதற்குத் தாங்கள் முன்மொழிந்த ‘மென் எந்திரவியல்’ என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘மென்பொருள்’ வேரூன்றிவிட்ட பிறகு, ‘மென்’ என்று தொடங்குவதைத் திரையில் ஓடும் நிரலாகவே வாசகர் கொள்வர். ‘எந்திரன்’ என்றாலோ கைகால் உள்ள உருவம் கண்முன் நிற்கிறது. கட்டடக் கலையில் நாம் பேசுவது, பிற்பகல் வெயிலுக்கு மேற்குச் சுவரில் நாம் ஏற்றி இறக்கும் ஓலைத் தட்டியின் வேலையைத் தானே செய்யும் ஓர் உறுப்பைப் பற்றி.

சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய கட்டட முகப்பில், சூரிய மின்தகடு ஒவ்வொன்றின் பின்னும் சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளாலான சிறு இயக்கி (‘ஆக்சுவேட்டர்’, அசைவைத் தரும் உறுப்பு) உள்ளது. அதன் அறைகளுள் ஒன்றில் காற்றைச் செலுத்தினால் அந்தப் பக்கம் புடைத்து, தகடு மறுபக்கம் சாய்கிறது. மோட்டாரும் பல்சக்கரமும் செய்யும் வேலையை அந்தப் புடைப்பே செய்கிறது. காற்றை விட்டால் உடல் தளர்ந்து பழைய நிலைக்கு வருகிறது. பெயரில் இந்தத் தளர்வும் மீட்சியும் வர வேண்டும்.

‘குழைபொறி’ என்ற பரிந்துரையும் வந்தது. கேட்க இனிமைதான். ஆனால் மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியில் குழைத்த மண் கொடுத்த வடிவிலேயே நின்றுவிடும், மீளாது. மேலும் ஓர் ஒற்று மிகுந்து ‘குழைப்பொறி’ என அச்சேறினால், தென்திருப்பேரைப் பெருமாளான மகரநெடுங்குழைக்காதரை அறிந்த நம் பக்கத்தார் அதைக் காதணியோடுதான் சேர்த்துப் படிப்பார்கள். ‘நெகிழ்’ என்பதை ‘நெகிழி’ பிளாஸ்டிக்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆகவே ‘துவள்பொறி’ என்கிறேன். ஆற்றங்கரைக் கோரை காற்றில் துவள்கிறது என்னும்போது, அது ஒடியவில்லை, நிமிரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். துவண்ட, துவள்கின்ற, துவளும் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகையாக இருப்பது, நாள் முழுதும் வளைந்து மீளும் பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது. துவண்டுபோதல் சோர்வைக் குறிக்குமே என்பார்க்கு, காற்றில்லாத சிலிக்கோன் உறுப்பு உண்மையிலேயே துவண்டு கிடக்கும் என்பதே என் பதில்.

வடிவம் மாறும் கட்டமைப்புகளுக்கு ‘உருமாற்றம்’ வேண்டாம். தலைப்பிரட்டை தவளையாவது உருமாற்றம், அது திரும்புவதில்லை. 2012-இல் தென்கொரியாவின் யோசு கண்காட்சி அரங்கில் அமைத்த 108 கண்ணாடியிழைப் பட்டைகளோ, இரு முனைகளிலும் அழுத்தும்போது கீலின்றி வளைந்து திறந்து, அழுத்தம் நீங்கியதும் மூடிக்கொண்டன. இவற்றை ‘வடிவுமாறு கட்டமைப்பு’ எனலாம்.

மேற்சொன்ன காற்றால் புடைக்கும் இயக்கிக்கான ‘துவளியக்கி’ என்ற கிளைச்சொல்லில் மட்டும் எனக்கு ஐயம் உள்ளது. கணினியின் ‘டிரைவர்’ நிரலையும் ‘இயக்கி’ என்றே வழங்குகிறோம். இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போது குழப்பம் நேருமா என்பதை அண்ணாச்சி தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து