இமெல்டா நீட்டிய கையைப் பிடித்தீர்களா? 'ஹியர் லைஸ் லவ்' பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜெர்சிக்காரன்

2023 அக்டோபரில் நியூயார்க்கில் பிராட்வே தியேட்டரில் இந்த நாடகத்தைப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த மார்கோஸ், அவர் மனைவி இமெல்டா, இவர்களைப் பற்றிய இசை நாடகம். பார்த்து இவ்வளவு நாளாகியும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கதைச் சுருக்கம், மதிப்பெண் எல்லாம் வேண்டாம். நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள், பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார், அதை மட்டும் எழுதுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். டேவிட் பர்ன், ஃபேட்பாய் ஸ்லிம் என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் 2010-இல் பாட்டு ஆல்பமாக வெளியிட்டது இது. 2013-இல் அதே ஊரில் பப்ளிக் தியேட்டரில் நாடகமானது. பத்து வருஷம் கழித்து பிராட்வேக்கு வந்தபோது கீழ்த்தள நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டு டிஸ்கோ கூடமாக்கி விட்டார்கள். கீழே டிக்கெட் எடுத்தவர்கள் ஒன்றரை மணி நேரமும் நிற்க வேண்டும். மேடை உங்களைச் சுற்றி நகரும். ரோஸ் நிற உடுப்பு போட்டவர்கள், விமானத்துக்கு வழி காட்டுகிறவர்கள் போல விளக்குக் குச்சியை ஆட்டி உங்களை இங்கேயும் அங்கேயும் தள்ளி நிறுத்துவார்கள். ஏன் டிஸ்கோ என்றால், இமெல்டாவுக்கு அதில் அவ்வளவு பித்து. நியூயார்க்கில் அவருக்கு இருந்த வீட்டிலேயே கண்ணாடி உருண்டையைத் தொங்க விட்டிருந்தாராம்.

தேர்தல் பிரசாரக் காட்சி வந்தது. மார்கோஸும் இமெல்டாவும் இறங்கி எங்கள் நடுவே நடந்தார்கள். பின்னாலேயே கேமரா. கை கொடுப்பவர்களின் முகம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. இமெல்டாவாக நடித்தவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார், கையை நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் முகமும் சுவரில் வந்தது என்று நண்பன் சொன்னான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

கொஞ்ச நேரத்தில் 1081 வந்தது. 1972 செப்டம்பரில் மார்கோஸ் போட்ட ராணுவச் சட்டப் பிரகடனத்தின் எண் அது. ஸ்பீக்கர்களில் தாளம் மட்டும் மாறவே இல்லை. என் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். தானாக நிற்கவில்லை. இதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

நம் ஊரில் வேன் மேல் நின்று கையசைக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மயங்க மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் பிடித்தீர்களா அந்தக் கையை?


நைட் டியூட்டி

அண்ணா, நான் கீழே நிற்கவில்லை. மாடியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். என்னுடன் வந்தவருக்கு முழங்கால் வலி.

குயின்ஸில் ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது அவர்களில் மூத்தவர் ஒருவர். அவர்கள் மொழியில் அக்காவை 'ஆதே' என்பார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இலோய்லோ ஊர்க்காரர், அறுபது தாண்டியவர்.

ஜூலைக் கடைசியில் போனோம். லியா சலோங்கா நடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆதே போக ஒப்புக்கொண்டதே அவருக்காகத்தான். 1991-இல் இதே தியேட்டரில் 'மிஸ் சைகான்' நாடகத்தில் கதாநாயகியாக வந்தவர் சலோங்கா. அப்போது டிக்கெட் வாங்க ஆதேயிடம் காசில்லை. இப்போது முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே மேடையில், மார்கோஸை எதிர்த்த தலைவர் நினோய் அக்கினோவின் தாயாக நிற்கிறார், நடிகர்கள் அத்தனை பேரும் பிலிப்பைன்ஸ் வம்சாவளி. பிராட்வேயில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. நாடகம் தொடங்கும் முன்பே ஆதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

முதல் பாதியில் அவர் கைதட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. டாக்லோபான் ஊர்ப் பெண் அழகிப் போட்டிக்குப் போவது, பதினோரு நாளில் மார்கோஸைக் கல்யாணம் கட்டிக்கொள்வது எல்லாம் வந்தபோது கீழே ஒரே கூச்சல். எங்களுக்கு முன் வரிசையில் நாலைந்து பேர் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆடச் சொல்லித்தானே கூப்பிடுகிறது அந்த இசை!

அப்புறம் விமான நிலையக் காட்சி. 1983 ஆகஸ்ட் 21. நாடு கடந்து இருந்த நினோய் மணிலாவில் இறங்கியதுமே சுடப்பட்டார். அரங்கில் சத்தமே இல்லை. முன் வரிசைக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாயாக சலோங்கா பாடத் தொடங்கினார். தற்செயலாக ஆதேயின் மடியைப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, மற்ற விரல்களை மடக்கி வைத்திருந்தார். எல் என்ற ஆங்கில எழுத்தின் வடிவம். 'லாபான்' என்றால் போராடு. அன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் தெருவில் உயர்த்திக் காட்டிய சைகை அது. ஆதே அதை உயர்த்தவில்லை. கைப்பைக்கு மேல், யாருக்கும் தெரியாதபடி, பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருந்தார். விரல் நடுங்கியது.

அவருடைய அண்ணன் கல்லூரி மாணவராக இருந்தபோது பிடித்துக்கொண்டு போனார்களாம். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை வருஷம் என்னுடன் சேர்ந்து சோறு தின்றவர், இதை எனக்குச் சொன்னது அந்த ராத்திரிதான்.


குரோய்டன் வாசி

நான் இதை 2014-இல் லண்டனில், நேஷனல் தியேட்டரின் டோர்ஃப்மன் அரங்கில் பார்த்தேன். சின்ன இடம். அங்கேயும் கதிரை இல்லாமல் நடுவில் நின்றுதான். ஜெர்சிக்காரன் சொன்ன அந்தக் கை எனக்கும் நீண்டது, நானும் பிடித்தேன். ஆனால் எனக்கு உறுத்தவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அப்போது மார்கோஸ் என்றால் முடிந்துபோன கதை. 1986-இல் சனம் வீதிக்கு வந்து துரத்திவிட்டது, குடும்பம் ஹவாய்க்கு ஓடியது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். 2022-இல் மகன் ஜனாதிபதியான செய்தியைக் கேட்டபோதுதான் நான் பிடித்த கை ஞாபகத்துக்கு வந்தது. எட்டு வருஷம் கழித்து உறுத்தியது எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 கோடையில் லண்டன் பலேடியத்தில் 'எவிட்டா' நடந்தது. அர்ஜென்டினா அதிபராக இருந்த பெரோன், அவர் மனைவி எவிட்டா, இருவரின் கதை. கதாநாயகி ரேச்சல் செக்லர் அந்தப் பேர்போன பால்கனிப் பாட்டை அரங்குக்குள் பாடவில்லை. கட்டடத்தின் வெளி பால்கனியில் வந்து நின்று தெருவைப் பார்த்துப் பாடினார். காசு கொடுத்து உள்ளே இருந்தவர்கள் அதைத் திரையில்தான் பார்த்தார்கள். நான் வெளியே ஆர்கைல் தெருவில் நின்றேன். நூற்றுக்கணக்கான சனம், எல்லோர் கையிலும் போன். பாட்டு முடிந்ததும் எழுந்த கரகோஷம் நடிகைக்கா, எவிட்டாவுக்கா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை தகப்பனின் தோளில் இருந்தபடி மேலே பார்த்துக் கையசைத்தது. மேலே நின்றவரும் கையசைத்தார். உள்ளே இருந்தவர்களுக்கு நாங்கள்தான் பெரோனின் கூட்டம். சம்பளம் வாங்காத துணை நடிகர்கள் போல நின்றிருக்கிறோம் என்பது ரயிலில் வரும்போதுதான் விளங்கியது.

நியூயார்க்கில் 1979-இல் எவிட்டா தொடங்கியதும் அதே பிராட்வே தியேட்டரில்தான். ஜெர்சிக்காரன் நின்ற தரையில் அப்போது நாற்காலிகள் இருந்திருக்கும்.


சிகாகோ மாணவி

எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் உருகி எழுதியிருக்கிறீர்கள், மன்னியுங்கள், இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

ராணுவச் சட்டக் காலத்தில் சுமார் 70,000 பேர் சிறை வைக்கப்பட்டார்கள், 34,000 பேர் சித்திரவதை செய்யப்பட்டார்கள், 3,240 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் கணக்கு. பிற்பாடு அந்நாட்டு அரசே 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்று இழப்பீடு கொடுத்தது. மார்கோஸ்கள் சுருட்டிய பணத்திலிருந்தே கொடுத்தது. இவ்வளவும் நடந்த கதையில் நல்ல பாட்டெல்லாம் யாருக்கு? இமெல்டாவுக்கு. வீட்டுக்கு வந்து நான் முணுமுணுத்தது யாருடைய பாட்டு? அவருடையதுதான். பாட்டு வரிகளில் பெரும்பகுதி அந்த மனிதர்கள் உண்மையிலேயே பேசியவற்றிலிருந்து எடுத்தது என்கிறார்கள். சரி. பேசக் கிடைத்தவர்கள் பேசியது அது. சிறையில் இருந்தவர்களுக்கு எந்தப் பேட்டியாளர் மைக் நீட்டினார்?

இது மார்கோஸ் எதிர்ப்பு நாடகம்தான் என்று தயாரிப்பாளர்களும் சொன்னார்கள். அவர்களில் பிலிப்பைன்ஸ்காரர்களும் இருந்தார்கள். நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் முடிந்ததும் தோழியிடம் கேட்டது இதுதான்: 'செருப்பைக் காட்டவே இல்லையே?' இமெல்டா என்றாலே பலருக்கும் அவர் குவித்து வைத்திருந்த செருப்புகள்தான் ஞாபகம் வரும். ஆமாம், காட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டார்கள், அதற்காகப் பாராட்டுகிறேன். அந்தப் பெண்ணுக்கோ அது மட்டும்தான் குறையாகத் தெரிந்தது.


மக்காத்தியில் நாலு வருஷம்

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு வகைப் பார்வையாளரும் உண்டு, அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

2014 முதல் 2018 வரை மணிலாவில் மக்காத்தியில் வேலை பார்த்தேன். 2016 நவம்பர் 18 மதியம் அலுவலகத்தில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது. மார்கோஸின் உடலை முன்கூட்டிச் சொல்லாமல் மாவீரர் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் செத்தது 1989-இல். இருபத்தேழு வருஷம் காத்திருந்து, அன்றைக்கு ரகசியமாக முடித்தார்கள். மாலையில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. எங்கள் குழுவில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் மட்டும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். இலோகோஸ்காரர், மார்கோஸின் சொந்தப் பகுதி. அவர் அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் இதய ஆபரேஷன் நடந்தது, அந்த மருத்துவமனை மார்கோஸ் காலத்தில் கட்டியது. அவர் வீட்டுச் சுவரில் மார்கோஸ் படம் மாலையோடு இருக்கும்.

அவரும் நானும் இப்போது நியூஜெர்சியில். 2023 செப்டம்பரில் நான்தான் வம்பாக அழைத்துப் போனேன். முதல் அரை மணி நேரம் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இமெல்டா நீல கவுனில் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார். கேலி செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கைதட்டினார். கடைசியில் இமெல்டா மக்களைப் பார்த்து, என்னை ஏன் நேசிக்கவில்லை என்று பாடும்போது, இவர் கண் கலங்கியது. அதே வரிக்கு எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்து ஐம்பத்து மூன்றாம் தெரு முனையில் நின்று கேட்டேன், எப்படி இருந்தது என்று. 'எங்கள் மேடம் இதைவிட நன்றாகப் பாடுவார்' என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர். 2022-இல் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் மகன் மார்கோஸுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்றால், அதில் இவரைப் போன்றவர்கள் எத்தனை பேரோ. நாடகம் இவரை ஒரு அங்குலம்கூட அசைக்கவில்லை. எனக்கு வருத்தம்தான்.


ஜெர்சிக்காரன்

கடைசிப் பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தாளம், கம்ப்யூட்டர் இசை எல்லாம் ஓய்ந்து, டிஜே கையில் ஒரு கிட்டாரோடு கீழே வந்து, 1986 பிப்ரவரியில் மார்கோஸைத் துரத்த மணிலாவின் எட்சா சாலையில் நின்ற சாதாரண ஜனங்கள் சொன்னதைப் பாடினாரே. கன்னியாஸ்திரீகள், டாங்கிகள், ரொட்டி கொடுத்தவர்கள். என்னை மீட்டது அந்தப் பாட்டுத்தான். ஆனால் உடனே விளக்கெல்லாம் போட்டு மறுபடி ஆடச் சொன்னார்கள். நான் ஆடவில்லை. நைட் டியூட்டி அக்கா, உங்கள் ஆதே அப்போது என்ன செய்தார்?


நைட் டியூட்டி

எழுந்து நின்றார். ஆடவில்லை, கைதட்டவும் இல்லை. நடிகர்கள் எல்லோரும் போகும்வரை நின்று பார்த்தார். நம் பிள்ளைகள், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஏழாம் நம்பர் ரயிலில் உட்ஸைடுக்குத் திரும்பினோம். சுரங்கத்தை விட்டு ரயில் மேலே ஏறியதும் போனை எடுத்து இலோய்லோவில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டார். அங்கே காலை பத்தரை இருக்கும். நாடகத்துக்குப் போனதைச் சொன்னார். தியேட்டர் எவ்வளவு பெரிது, டிக்கெட் என்ன விலை, சலோங்காவை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தார் என்றெல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் என்னவோ கேட்டார்.

ஆதே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அவர்கள் ஓடிப்போனதைக் காட்டினார்களா என்று கேட்கிறாராம்.

'காட்டினார்கள் அண்ணா, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது' என்று பதில் சொன்னார்.