தம்பியின் பேஸ்பால் பந்தயம்: கணக்கா, சூதா?

கோத்தகிரி அக்கா
எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. தம்பிக்கு இருபத்தாறு வயது. ஏப்ரலிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுந்து, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அமெரிக்காவில் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் பேஸ்பால் ஆட்டம் நமக்கு அந்த நேரம். வெளிநாட்டு ஆப் ஒன்றில் அந்த ஆட்டங்கள் மேல் பணம் கட்டுகிறான் என்பது போன வாரம்தான் தெரிந்தது. இரண்டு மாதமாகக் கொழுந்துப் பணம் வீட்டுக்கு முழுசாக வரவில்லை. கேட்டால், "இது சூதாட்டம் இல்லை அக்கா, கணக்கு" என்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறதா? பேஸ்பால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டி ஸ்கோர்புக்
அக்கா, தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்து வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன், நானும் கட்டியிருக்கிறேன். அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும், 30 அணிகளுக்கும் சேர்த்து 2,430. இவ்வளவு ஆட்டங்களுக்குப் பந்துக்குப் பந்து புள்ளிவிவரம் கிடைக்கிற விளையாட்டு வேறு எது? தொடக்கப் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர் யார், போன ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார், மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் கணக்கில் வரும். அங்கே டென்வர் நகரத்து மைதானம் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, அதனால் அடித்த பந்து தூரம் போகும், பிட்சரின் வளைபந்து சரியாக வளையாது. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதைப் படித்துக் கட்டுபவனையும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பவனையும் ஒன்றாகப் பேசக் கூடாது. குதிரைப் பந்தயத்தையே திறமை ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்.

குன்னூர் பழைய வங்கிக்காரர்
டென்வரில் பந்து தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரிகிறது, சரி. அந்த ஆப் நடத்துபவனுக்குத் தெரியாதா? அவன் போடுகிற விலையிலேயே, அதாவது ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தருவான் என்பதிலேயே, அந்தக் காற்றும் அந்தப் பிட்சரும் அடங்கிவிட்டன. உங்கள் கணக்கு ஆட்டத்தை வென்றால் போதாது, அவன் கணக்கை வெல்ல வேண்டும்.

அம்மா, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஃபேக்டரியில் கொழுந்தை எடை போடும்போது ஈரத்துக்கென்று ஒரு கழிவு எடுப்பார்கள் இல்லையா? நல்ல வெயில் நாளில் பறித்தாலும் எடுப்பார்கள். பந்தயத்திலும் அப்படி ஒரு கழிவு உண்டு. இரண்டு அணியும் சரிசமம் என்றால் நியாயமாக ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் திரும்ப வர வேண்டும். இவர்கள் தருவது 1.91. ஆயிரம் ரூபாய் வீதம் நூறு ஆட்டத்தில் கட்டி ஐம்பதில் ஜெயித்தால், போனது ஒரு லட்சம், வந்தது 95,500. பாதி ஜெயித்தும் 4,500 நஷ்டம். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 சரியாக வர வேண்டும். வலுவான அணி மேல் கட்டினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. அந்த அணியே 41 ஆட்டம் ஜெயித்திருக்கிறது.

ஊட்டி ஸ்கோர்புக்
52.4 எட்டாத உயரம் இல்லை ஐயா. எல்லா ஆட்டத்திலும் கட்ட வேண்டியதில்லை. நான் வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான்.

கூடலூர் வக்கீல் குமாஸ்தா
அக்கா, சட்டத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ எல்லாவற்றையும் தடை செய்கிறது. அதனால் 1996 குதிரைத் தீர்ப்பு இந்த ஆப்புக்கு உதவாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அந்தச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை, ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?

இன்னொன்று. 2025 நவம்பரில் கிளீவ்லண்ட் அணியின் இரண்டு பிட்சர்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பந்தயக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறிப்பிட்ட பந்துகளை வீசினார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு வந்த சில நாளில், ஒற்றைப் பந்து மேல் கட்டும் பணத்துக்கு 200 டாலர் வரம்பு வைத்தார்கள். போன ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார் என்று பார்க்கும் தம்பிக்கு இதை எந்தப் புள்ளிவிவரம் காட்டும்?

ஊட்டி ஸ்கோர்புக்
அதை மறுக்கவில்லை. ஒற்றைப் பந்துப் பந்தயம் குப்பை, நான் தொட்டதில்லை. ஆனால் அக்கா, ஒன்று செய்யுங்கள். தம்பியைத் திட்டுவதற்கு முன் அவன் கணக்கை வாங்கிப் பாருங்கள். எத்தனை கட்டினான், எத்தனை ஜெயித்தான், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. கணக்கு என்று சொல்பவன் கணக்கைக் காட்ட வேண்டும்.

கோத்தகிரி அக்கா
நேற்று இரவு அவனும் நானும் உட்கார்ந்து ஆப்பில் இருந்ததை நோட்டில் எழுதினோம். ஐந்து மாதத்தில் 412 பந்தயம், 205 வெற்றி. எல்லாமே அந்த 1.91 விலைக்கு ஒட்டித்தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு ரூபாய் மட்டும் கட்டியிருந்தால் போயிருப்பது 10,225. உண்மையில் போனது 84,000. காரணம் நோட்டிலேயே தெரிந்தது. தோற்ற மறு ஆட்டத்தில் ஆயிரம், அதிலும் தோற்றால் இரண்டாயிரம். ஒரே விடியலில் நாலாயிரம் வரை போயிருக்கிறான், கைமாத்து வாங்கி. அவன் ஒன்றும் பேசவில்லை.

ஊட்டி ஸ்கோர்புக்
இது பணத்தை நிர்வகிக்கத் தெரியாத தவறு அக்கா. ஆட்டத்தைத் தப்பாகப் படித்ததால் வந்தது இல்லை. விட்டதைப் பிடிக்க இரட்டிப்பது யார் செய்தாலும் இப்படித்தான் முடியும். இருந்தாலும் அவன் இப்போது நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.

குன்னூர் பழைய வங்கிக்காரர்
இரண்டையும் பிரிக்க முடியாது தம்பி. தோற்ற ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆட்டம் திரையில் வந்து நிற்கிறது, கையில் யுபிஐ இருக்கிறது, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த இடத்தில் நிர்வாகம் எங்கிருந்து வரும்? அம்மா, கடனை நீங்கள் அடைத்துவிடாதீர்கள். கொழுந்துப் பணம் உங்கள் கணக்குக்கு வருகிற மாதிரி மாற்றுங்கள், அவன் கணக்கின் யுபிஐ வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். கைமாத்து கொடுத்தவர்களிடம் அவனே போய்த் தவணை பேசட்டும், நீங்கள் கூடப் போங்கள்.

கூடலூர் வக்கீல் குமாஸ்தா
தூக்கம் கெட்டு, பேச்சும் குறைந்திருந்தால் 14416க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். இப்படி ஒரு பையனை எனக்குத் தெரியும், கூப்பிட்டதில் நல்லது நடந்தது.

கோத்தகிரி அக்கா
எண்ணை அவனிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை நாலரைக்கு விழித்தேன், அவன் அறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, ஆப்பை என் முன்னாலேயே எடுத்துவிட்டான். "ஆட்டத்தை மட்டும் பார்க்கலாமா அக்கா?" என்றான். பார் என்றேன். அதில் தப்பு இருக்கிறதா, ஸ்கோர்புக்?

ஊட்டி ஸ்கோர்புக்
முதல் ஒரு மாதம் வேண்டாம் அக்கா. எனக்குத் தெரியும், பிட்சர் கையைப் பார்த்தாலே விலை ஞாபகம் வரும்.