600 விஏ யூபிஎஸ், லோடு பாதிதான், ஆனாலும் ஓவர்லோடு காட்டுகிறது

புதுவரவு: அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூபிஎஸ் 600 விஏ. என் கம்ப்யூட்டர் 300 வாட்டைத் தாண்டாது, அப்படியென்றால் பாதி லோடுதானே? நடுநடுவே ஓவர்லோடு விளக்கு எரிந்து கத்துகிறது. விஏ, வாட் இரண்டும் ஒன்றுதானே?

கம்பிச்சுருள்: பேட்டரி போயிருக்கும். மாற்றுங்கள்.

மல்டிமீட்டர்: ஓவர்லோடுக்கும் பேட்டரிக்கும் என்னங்க சம்பந்தம்? புதுவரவு, யூபிஎஸ் பின்னால் ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு? 300 வாட் என்பது அளந்ததா, குத்துமதிப்பா? கரன்ட் இருக்கும்போதே கத்துகிறதா? வேறு என்னவெல்லாம் அதில் சொருகியிருக்கிறது?

பழையபெருச்சாளி: அடிப்படை தெரியாமல் கேள்வி, அதற்கு அடிப்படை தெரியாமல் பதில். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் விஏ. அதைப் பவர் ஃபேக்டரால் (விஏவில் எத்தனை பங்கு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) பெருக்கினால்தான் வாட். 230 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 460 விஏ. பவர் ஃபேக்டர் 0.6 என்றால் உண்மையில் வேலை செய்வது 276 வாட். மிச்சம் 184 என்று கழித்துவிடாதீர்கள், செங்கோண முக்கோணக் கணக்கு இது, வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பவர் 368 வரும். புதுவரவின் 300 வாட்டை 0.6ஆல் வகுங்கள், 500 விஏ. பாதி லோடாம்!

மல்டிமீட்டர்: கணக்கு சரி, லோடுக்கு 0.6 என்று வைத்ததுதான் தப்பு. ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பவர் ஃபேக்டர் 0.95க்கு மேல் இருக்கும், அங்கே விஏவும் வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடிப்பது யூபிஎஸ்ஸின் வாட் வரம்பு. 600 விஏ என்று போட்ட பல யூபிஎஸ் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. இரண்டில் எதைத் தாண்டினாலும் கத்தும்.

கம்பிச்சுருள்: அப்போது எதற்கு விஏ? பெரிய எண்ணாகக் காட்டி விற்கத்தானே?

பழையபெருச்சாளி: டிரான்ஸ்ஃபார்மரையும் கேவிஏவில்தான் (ஆயிரம் விஏ) சொல்கிறார்கள், அதுவும் ஏமாற்றா? சுருள் சூடாவது கரன்டால், இரும்பு சூடாவது வோல்டேஜால், அதனால் வரம்பு விஏவில். லோடின் பவர் ஃபேக்டர் என்னவென்று செய்பவருக்கு எப்படித் தெரியும்?

கம்பிச்சுருள்: ஜெனரேட்டரில் மட்டும் 100 கேவிஏ, 80 கிலோவாட் என்று இரண்டையும் போடுகிறார்களே?

மல்டிமீட்டர்: ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்குக் கரன்ட் வரம்பு, இன்ஜினுக்கு வாட் வரம்பு. அதனால் இரண்டு எண். வழக்கமாகப் பவர் ஃபேக்டர் 0.8 வைத்துப் போடுவார்கள். இதற்குத் தனி இழை போடுங்களேன், கேட்டவரையே காணோம்.

புதுவரவு: ஸ்டிக்கரில் 360 வாட். லேசர் பிரின்டரும் அதில்தான் இருந்தது, சொல்ல விட்டுப்போயிற்று.

மல்டிமீட்டர்: அதுதான்! உள்ளே ஃபியூசர் (மையைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பகுதி) சூடாகும்போது பல நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும். பிரின்டரை நேரே சுவர் பிளக்கில் போடுங்கள்.

புதுவரவு: போட்டேன், கத்தவில்லை. நன்றி.

பழையபெருச்சாளி: 300 வாட்டை எப்படி அளந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.