பெஞ்சில் உட்கார்ந்த கேப்டன்

குழு: தாத்தா வீடு

வெள்ளி, இரவு

தம்பி: நாளைக்கு பாஸ்கெட்பால் ஃபைனல். முதல் ஐந்து பேரில் நான் இல்லை. அதனால் யாரும் கிளம்பி வர வேண்டாம்.

அம்மா: நான் லீவு சொல்லியாச்சு. சித்தியும் வருகிறாள். புளிக்காய்ச்சல் இறக்கி வைத்துவிட்டேன்.

தம்பி: நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் புளியோதரை கட்டிக்கொண்டு வரப் போகிறாயா?

சித்தி: பெஞ்சு என்றால் கிரிக்கெட்டில் தண்ணீர் பாட்டிலோடு ஓடுவார்களே, அந்த மாதிரியா?

நான்: அது வேறே சித்தி. பாஸ்கெட்பாலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாம்.

தம்பி: ஆறுதல் சொல்லாதே அக்கா. கோச் கண்ணுக்கு நான் தெரிவதே இல்லை.

அம்மா: போன மேட்ச்சில் கூப்பிட்டாரே! நீதான் ஷூ லேஸை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய். நீ கட்டி முடிப்பதற்குள் வேறு பையனை அனுப்பிவிட்டார்.

தம்பி: அம்மா, இது குரூப்.

தாத்தா: 🌹 இனிய இரவு வணக்கம் 🌹

மாமா: இங்கே காலை பத்தரை. மீட்டிங்கில் இருக்கிறேன், ஆனால் இதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை, எங்கள் ஊர் கதை ஒன்று சொல்லவா?

தம்பி: அமெரிக்காவில் நீங்கள் இருக்கிற லூயிவில் கதையா?

மாமா: முதலில் பெயரைச் சரியாகச் சொல். இங்கே லூயிவில் என்றால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு 'லூவல்' என்று முனக வேண்டும்.

சித்தி: 😂 பதினைந்து வருஷத்தில் அண்ணன் கற்றுக்கொண்டது இதுதான்.

மாமா: 2013 ஏப்ரல் 8. அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் ஃபைனல். அட்லாண்டாவில் ஜார்ஜியா டோம், 74,000 பேருக்கு மேல் கூட்டம். எங்கள் லூயிவில் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும். நான் வீட்டில் டிவியில் பார்த்தேன். அக்கா, அன்றைக்குத்தான் நீ போன் செய்து "ஏன் இந்த நேரத்தில் கத்துகிறாய்" என்று கேட்டாய்.

அம்மா: எனக்கு இங்கே செவ்வாய்க்கிழமை காலை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா: மிச்சிகனில் ட்ரே பர்க் என்று ஒரு பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துப் போய் ஆட்டத்தை நடத்துகிறவர். அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர். முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டார். ஐந்து ஆனால் ஆட்டமே முடிந்தது, அதனால் கோச் ஜான் பீலைன் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அதற்குப் பதில் யார் விளையாடியது தெரியுமா?

தம்பி: யார்?

மாமா: ஸ்பைக் ஆல்பிரெக்ட். முதல் வருஷப் பையன், ஆறடிகூட இல்லை. பார்த்தால் ட்யூஷனுக்குப் போகிற பையன் மாதிரி இருப்பான். அந்த சீசனில் ஒரு மேட்ச்சுக்குச் சராசரி இரண்டு புள்ளிகூட இல்லை. அன்றைக்கு முதல் பாதியில் மட்டும் 17.

தம்பி: என்னது!

மாமா: த்ரீ பாயிண்டர் நாலு போட்டான், நாலும் விழுந்தது. பர்க் வெளியே போனதும் மிச்சிகன் படுத்துவிடும் என்று நினைத்தோம். 33க்கு 21 என்று எங்களைவிட 12 புள்ளி முன்னால் போய்விட்டார்கள். நான் டிவியை அணைக்கப் போனேன்.

நான்: ஏன் மாமா, அவனை யாருமே மறிக்கவில்லையா?

மாமா: எதிர் டீம் பர்க்கை எப்படி மறிப்பது என்றுதான் நாள் கணக்கில் பாடம் படித்திருக்கும். அவனைப் பற்றி யார் படிப்பார்கள்? பெஞ்ச் ஆளுக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான், அவனை யாருக்கும் தெரியாது. இரண்டாம் பாதியில் தெரிந்துவிட்டது, அப்புறம் ஒரு புள்ளிகூட எடுக்க விடவில்லை. அதை வைத்து அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பி: அப்புறம் நீங்கள் எப்படி ஜெயித்தீர்கள்?

சித்தி: நீங்களாம். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து ஜெயித்திருக்கிறார்.

மாமா: எங்களுக்கும் பெஞ்சில் ஒரு ஆள் இருந்தார். லூக் ஹான்காக். மாப்பிள்ளை, இதைக் கவனி: அவர் அந்த டீமின் கேப்டன்களில் ஒருவர். கேப்டனாகவும் இருந்தார், முதல் ஐந்தில் இல்லாமலும் இருந்தார். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர், மாறி வந்தால் ஒரு வருஷம் ஆட முடியாது என்ற அப்போதைய விதிப்படி அதற்கு முந்தைய சீசன் முழுக்க சும்மா உட்கார்ந்திருந்தார்.

தம்பி: கேப்டனையே பெஞ்சில் வைத்தார்களா?

மாமா: ஆமாம். 12 புள்ளி பின்னால் கிடந்தபோது ஹான்காக் வரிசையாக நாலு த்ரீ பாயிண்டர் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எதிர் வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வாசலுக்கு வந்து தகர டப்பாவைத் தட்டினார். இடைவேளையில் 38க்கு 37, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

தாத்தா: நடுவில் ஒரு சந்தேகம். த்ரீ பாயிண்டர் என்றால்?

நான்: தாத்தா, கூடைக்கு முன்னால் பெரிய வளைகோடு இருக்கும். அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளே என்றால் இரண்டு.

மாமா: கடைசியில் 82க்கு 76 என்று ஜெயித்தோம். ஹான்காக் 22 புள்ளி, போட்ட ஐந்து த்ரீயும் உள்ளே. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 1939 முதல் நடக்கிற போட்டி அது. பெஞ்சிலிருந்து வந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. உடம்பு ரொம்ப முடியாத அவர் அப்பா அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்.

அம்மா: பாவம். நல்லபடியாகப் பார்த்தாரே.

மாமா: இன்னொருத்தரையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் டியூக் பல்கலைக்கழகத்துடன் ஆடியபோது எங்கள் கெவின் வேர் என்ற பையன் குதித்து இறங்கும்போது கால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. டிவியில் இரண்டு தடவை மறுபடி காட்டிவிட்டு, அப்புறம் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பிரார்த்தனை செய்தவர் ஹான்காக்தான்.

சித்தி: ஐயோ, சாப்பிடுகிற நேரத்தில் இதெல்லாம் எழுதாதீர்கள் அண்ணா.

மாமா: கெவின் வேரும் பெஞ்ச் ஆள்தான். அவர் இல்லாததால் இன்னும் கீழே இருந்த டிம் ஹெண்டர்சனுக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகைகூட இல்லாமல் டீமில் சேர்ந்த பையன். செமி ஃபைனலில் விச்சிட்டா ஸ்டேட்டுக்கு எதிராக 12 புள்ளி பின்னால் இருந்தபோது அவர் அடுத்தடுத்து இரண்டு த்ரீ போட்டார். 72க்கு 68. அது இல்லாவிட்டால் ஃபைனலே கிடையாது. ஊரில் எல்லாரும் ஹான்காக்கைத்தான் பேசுவார்கள், எனக்கு என்னவோ ஹெண்டர்சன்தான் பிடிக்கும்.

தம்பி: இப்போதும் ஊரில் கொண்டாடுவார்களா?

மாமா: அது ஒரு வயிற்றெரிச்சல். 2018இல் அந்தப் பட்டத்தையே என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பு ரத்து செய்துவிட்டது. அரங்கக் கூரையில் தொங்கிய கொடியை இறக்கிவிட்டார்கள்.

அம்மா: ஏன்?

மாமா: டீம் ஊழியர் ஒருவர் செய்த அசிங்கமான வேலை அக்கா. சேர வருகிற பையன்களைக் கவர்வதற்காக. குடும்பக் குரூப்பில் விளக்க முடியாது.

சித்தி: சரி, விளக்க வேண்டாம்.

தாத்தா: அப்படியானால் கோப்பையை மிச்சிகனுக்குக் கொடுத்துவிட்டார்களா?

மாமா: இல்லை அப்பா. 2013க்குச் சாம்பியனே இல்லை என்று ஆகிவிட்டது.

தாத்தா: அது என்ன நியாயம்? அத்தனை பேர் பார்த்தது கனவா?

மாமா: அதைத்தான் ஹான்காக்கும் கேட்டார். அவரும் இன்னும் நாலு ஆட்டக்காரர்களும் வழக்குப் போட்டார்கள், அந்த நாலு பேரில் ஹெண்டர்சனும் உண்டு. 2019இல் சமரசம் ஆனது. பட்டம் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த புள்ளிகளும் ஹான்காக்கின் விருதும் பதிவேட்டில் திரும்ப வந்தன. டீம் ஜெயிக்காத மேட்ச்சில் அவர் 22 புள்ளி எடுத்ததாக இப்போது கணக்கு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தம்பி: மாமா, எங்கள் டீம் பாயிண்ட் கார்டு எல்லா மேட்ச்சிலும் சீக்கிரமே இரண்டு ஃபவுல் வாங்குகிறான்.

மாமா: அப்படியா? அவன் யாரை மறிக்கப் போகிறான் என்று தெரியுமா?

தம்பி: எதிர் டீமில் இடது கைக்காரன். எப்போதும் இடது பக்கம்தான் போவான். செமி ஃபைனல் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தேனே.

மாமா: பெஞ்சிலிருந்தா?

தம்பி: 🙂

அம்மா: மணி பத்தரை. போனை வைத்துவிட்டுத் தூங்கு. மாமாவும் மீட்டிங்கைப் பார்க்கட்டும்.

சனி, காலை

தாத்தா: 🌞 இனிய காலை வணக்கம் 🌞 மேட்ச் என்ன ஆனது?

நான்: இன்னும் ஆரம்பிக்கவே இல்லை தாத்தா.

சித்தி: வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்தில் எதிர் டீம் பையனின் அம்மா. புளியோதரை கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

நான்: ஸ்கோர் சொல்லுங்கள் சித்தி.

சித்தி: 9க்கு 14. நாம்தான் குறைவு.

மாமா: இங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது, முழித்துக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட் கார்டு எத்தனை ஃபவுல்?

அம்மா: எனக்கு எப்படித் தெரியும்? விசில் அடித்தார்கள். மேஜைக்காரர் இரண்டு விரலைக் காட்டுகிறார்.

மாமா: அக்கா! பெஞ்சைப் பார்!

அம்மா: கோச் திரும்பிப் பார்க்கிறார். நம்ம பையன் எழுந்துவிட்டான். மேல் பனியனைக் கழற்றுகிறான். லேஸ் கட்டித்தான் இருக்கிறது, போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கை நடுங்குகிறது, அப்புறம் எழுதுகிறேன்.