பைபிள்ல வர்ற பாகால் உண்மையில யாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

முத்தியால்பேட்டை பையன்:
வணக்கம் மக்களே, சண்டைக்கு இல்ல, நெஜமாவே டவுட்டு. பழைய ஏற்பாடு படிச்சா எங்க திரும்பினாலும் ஜனங்க பாகாலைக் கும்பிட்டாங்க, கடவுளுக்குக் கோவம் வந்துச்சு, திருந்தினாங்க, மறுபடி பாகால்கிட்டயே போனாங்கன்னு வருது. அப்படி என்னதான் இருந்துச்சு அந்த சாமிகிட்ட? யூடியூப்ல ஒருத்தன் பேய்ங்கறான், ஒருத்தன் நரபலிங்கறான், இன்னொருத்தன் தமிழ் சாமிங்கறான். கும்பிட்டவங்களே எழுதி வெச்சது ஏதாச்சும் இருக்கா?

தேவனாம்பட்டினம் மாறன்:
இருக்கு தம்பி. 1928ல சிரியா கடலோரம் ஒரு விவசாயி ஏர் ஓட்டும்போது பழைய கல்லறை ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரங்க வந்து தோண்டினாங்க, ராஸ் ஷம்ராங்கற மேட்டுக்கு அடியில உகாரித்னு ஒரு ஊரே கிடந்துச்சு. கி.மு. 1200 வாக்குல அழிஞ்ச ஊரு. அங்க கிடைச்ச களிமண் பலகையில ஆறு முழுக்க பாகால் கதைதான், எழுதினவர் பேரு இலிமில்கு.

அந்தக் கதையில சாமிங்களுக்கெல்லாம் பெரியவர் ஏல், அவரு சம்சாரம் அத்திராத், அவங்களுக்கு எழுபது புள்ளைங்க. பாகால் இடி மழைக்கு சாமி, சாப்போன் மலையில இருப்பாரு. மொதல்ல யாம்ங்கற கடல் சாமியோட சண்டை. கைவினை சாமி ரெண்டு தடி செஞ்சு குடுக்குறாரு, மொத தடி தோள்ல பட்டும் யாம் அசையல, ரெண்டாவது நெத்திப்பொட்டுல எறங்குது, ஆளு காலி. அப்புறம் அரண்மனை கட்டும்போது ஜன்னல் வெக்கலாமா வேணாமான்னு ஒரு தகராறு, மொதல்ல வேணவே வேணாம்ங்கறாரு, கடைசியில வெச்சு அது வழியாத்தான் இடி முழங்குறாரு.

அடுத்து மோத், அதாவது சாவு. ஒரு உதடு பூமியில, ஒண்ணு வானத்துல, அப்படி ஒரு வாய், பாகாலே அதுக்குள்ள போயிடுறாரு. சேதி கேட்டதும் ஏல் சிம்மாசனத்துலேர்ந்து எறங்கி தரையில உக்காந்து தலையில புழுதிய வாரிக் கொட்டிக்கிட்டு கன்னத்தைக் கீறிக்கிறாரு, நம்மூரு சாவு வீடு மாதிரியே இருக்கும் படிச்சா. பாகாலோட கூடப்பொறந்தவ அனாத் சும்மா விடல, மோத்தைப் புடிச்சு வாளால வெட்டி, சலிச்சு, சுட்டு, திருகையில அரைச்சு, வயல்ல வெதைச்சிடுறா. அப்புறம் ஏல் கனவுல வானம் எண்ணெய் மழை பெய்யுது, ஓடையில தேன் ஓடுது, பாகால் உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சுடுது.

இப்ப உன் கேள்விக்கு வா. எகிப்துக்கு நைல் இருக்கு, பைபிள் ஜனங்க இருந்த கானான் நாட்டுல வானத்தைப் பாத்துத்தான் வெள்ளாமை. மழை சாமிய எவன் விடுவான்?

வைத்திக்குப்பம் செல்வி:
மாசி மகத்துக்கு இங்க சாமியெல்லாம் கடலுக்கு வந்து தீர்த்தவாரி பண்ணிட்டுப் போவுது, அங்க சாமியே கடலை அடிச்சுப் போடுது, அதான் எனக்கு ஆச்சரியம். தானே புயல் அன்னைக்கு ராத்திரி கடலூர்ல இருந்தவங்களக் கேட்டா எந்தப் பக்கம் சேருவாங்களோ 😅. அப்புறம், நம்ம இந்திரனும் வஜ்ராயுதத்தோட மழைக்கு சாமி, வருணன் நெய்தலுக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணா அண்ணே?

தேவனாம்பட்டினம் மாறன்:
இல்லம்மா, இடி இடிக்கிற எல்லா ஊர்லயும் இடி சாமி இருக்கும், அதை வெச்சு சொந்தம் கொண்டாட முடியாது. தமிழ் சாமிங்கறது சும்மா வியூஸுக்கு.

முத்தியால்பேட்டை பையன்:
செம அண்ணே. இப்பதான் பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசி கதையே புரியுது, மழை பெய்யாதுன்னு சொன்னது மழை சாமிக்கே சவாலு! கர்மேல் மலையில பாகாலோட தீர்க்கதரிசிங்க 450 பேர் அவரைக் கூப்பிட்டுக் கத்தும்போது, உங்க சாமி தூங்குறாரோ என்னவோன்னு நக்கல் வேற. சரி, அந்த நரபலி?

பண்ருட்டி பழைய புக்கு:
உகாரித் பலி லிஸ்ட்ல பாத்தா ஆடு, மாடு, பறவைதான் சார். ஆனா பைபிள்ல எரேமியா 19ல பாகாலுக்குப் புள்ளைங்கள எரிச்சதா இருக்கு. வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ்ங்கற ஊர்ல பாகால் ஹம்மோன்ங்கற சாமிக்கும் தனித்ங்கற பொம்பள சாமிக்கும் வெச்ச கல்லுக்குக் கீழ பானை பானையா கொழந்தைங்க சாம்பல் கிடைச்சுது, பலி குடுத்ததா, நோய்ல செத்ததாங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களே ரெண்டு கட்சி. உகாரித் பாகாலையும் கார்த்தேஜ் பாகாலையும் போட்டுக் குழப்பி வீடியோ போடுறானுங்க.

இன்னொண்ணு, சினாய் பக்கம் குந்திலத் அஜ்ருத்ல கிடைச்ச பானையில "யாவேயும் அவருடைய அசேராவும்"னு எழுதியிருக்கு. யாவேன்னா பழைய ஏற்பாட்டுக் கடவுளோட பேரு. கி.மு. 800 ஒட்டின காலம். அசேரா அங்க பொம்பள சாமியா, நட்டு வெச்ச மரக்கம்பமான்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க.

முத்தியால்பேட்டை பையன்:
ஐயோ, இதை எங்க ஃபாதர்கிட்ட கேக்கலாமா?

பண்ருட்டி பழைய புக்கு:
தாராளமா கேளுங்க, செமினரியில படிச்சிருப்பாரு. பூசை நேரத்துல மட்டும் வேணாம்.