காசு கொடுத்து ஏ320 வாங்கலாமா, இலவசமே போதுமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு குழப்பம். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில், மனைவி துணி மடிக்கும் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுகிறேன். இதுவரை அதில் ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏ320 நியோதான், அதாவது ஏர்பஸ் ஏ320இன் புது எஞ்சின் வகை. சாங்கியிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல், பாதையை நானே விமானி அறைக் கணினியான எம்சிடியூவில் ஏற்றி, இறங்கும்வரை பெரிய குறை சொல்ல முடியவில்லை. இலவசம்தானே என்று இளக்காரமாக நினைத்தவன்தான் நானும்; ஆர்வலர்கள் கூடி, நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்து, இப்படி ஒன்றைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இப்போது மனசு காசு கொடுத்து வாங்க வேண்டிய ஃபெனிக்ஸ் ஏ320 பக்கம் போகிறது. அது நியோ அல்ல, பழைய எஞ்சின் வகை. சர்க்யூட் பிரேக்கரைக்கூட இழுத்துப் பார்க்கலாம், கோளாறுகளை வரவழைத்துப் பழகலாம் என்பதுதான் இழுக்கிறது. ஆனால் போன வருடம் வேறொரு விமானத்தை அறுபது வெள்ளிக்கு வாங்கிச் சூடுபட்டேன்: படத்தில் ஜொலித்தது, உள்ளே பாதி பொத்தான்கள் வெறும் பொம்மை, பணமும் திரும்பவில்லை. வீட்டில் இன்னும் குத்திக்காட்டுகிறார்கள்.

என் கணினியில் 16 ஜிபி ராம், சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு. ஃபெனிக்ஸின் சிஸ்டம்கள் சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓடுமாமே, சாங்கி மாதிரி கனமான விமான நிலையத்தில் திணறுமா? இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஸிபோ 737 என்ற இலவச போயிங் விமானத்தை ஓட்டுபவர்கள் இருந்தால், அதற்காகவே அந்தப் பக்கம் தாவலாமா?